எபனேசர் சாரின் கார்டுராய்

துணி காய்வதற்குள் அதை உடுத்தும் ஆசையே காய்ந்துபோகிற அளவுக்கு மழை பெய்யும் வால்பாறையில், பஸ் நிலையத்துக்குப் பின்னால் படியேறிப் போகிற ஒரு சந்தில், பழைய பாணி பேண்ட்டுகளுக்கென்றே கடை போட்டவன் திருமலைச்சாமி. உடுமலைப்பேட்டையில் இருந்த அவன் சொந்தபந்தமெல்லாம் இதைக் கேட்டுச் சிரித்தது. ஆனால் மலைமேல் இருப்பவர்களுக்குப் பேண்ட் என்பது காலோடு நடந்து வரும் போர்வை என்பதும், தேயிலைச் செடிகளுக்குள் இடுப்பளவு ஈரத்தில் நடக்கிற ஆளுக்கு மெல்லிசுத் துணி ஒரு மழைக்கும் தாங்காது என்பதும், சுற்றுலா வருகிற பிள்ளைகளுக்கு அந்தக் காலத்து ஆட்களைப்போல உடுத்திப் படம் பிடித்துக்கொள்ள ஆசை என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. ஒரு சுவர் முழுக்க டெனிம், எதிர்ச்சுவர் முழுக்க சினோ என்கிற பருத்தி பேண்ட், நடுச்சுவரில் கோடுகோடாக மயிர் நிமிர்ந்த கார்டுராய் என்று தொங்கவிட்டு, வாங்க வந்தவர்களிடம் அவன் பேச ஆரம்பித்தால், வெளியே மழை விட்டது தெரியாமல் அவர்கள் நின்று கேட்பார்கள்.

"டெனிம்ல முன்பக்கம் பாக்காதீங்ணா, திருப்பி உள்தையலப் பாருங்க. ஓரம் பிசிறில்லாம நெய்திருந்தா அது இருவது வருசம் ஓடும். அடிக்கடி தொவைக்காதீங்க, காத்துல போடுங்க, போதும். சினோவ நல்லா ஈரம் இருக்கறப்பவே தேச்சு, தலைகீழாத் தொங்க விடுங்க, அதோட கனமே சுருக்கத்த இழுத்துரும். கார்டுராயத் தடவிப் பாருங்க. மேலிருந்து தடவினா ஒரு நெறம், கீழிருந்து தடவினா இன்னொரு நெறம் வந்துச்சுன்னா மசிரு இன்னும் உசுரோட இருக்குன்னு அர்த்தம். உள்ள வெளியத் திருப்பிப் பச்சத் தண்ணில அலசுங்க, முறுக்கிப் பிழியாதீங்க, நெழல்ல போட்டு, பாதி காஞ்சதும் பிரஷ் போடுங்க. மேல்பக்கத்துல மட்டும் இஸ்திரி வெச்சுராதீங்க, செத்துப்போயிரும்."

அவன் மனைவி கோகிலவாணி பிரசவத்துக்காக உடுமலையில் தாய்வீட்டில் இருந்தாள். குழந்தை பிறப்பதற்குள் கடையைக் காலி செய்துகொண்டு கீழே வந்துவிடுவதாகவும், உடுமலைச் சந்தைப்பேட்டைப் பக்கம் அதே கடையைப் போட்டுக்கொண்டு குடும்பத்தோடு இருப்பதாகவும் அவன் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான்.

அப்படியிருக்கையில் ஒரு நாள், தேவாலயத்தில் ஏழைகளுக்காக நடத்தும் பழைய சாமான் விற்பனையில் அவன் ஒரு கார்டுராய் பேண்ட்டைக் கண்டான். நனைந்த தேக்கம்பட்டையின் நிறம். அகலக் கோடுகள். இடது முழங்காலில் மட்டும் யாரோ மிகப் பொறுமையாக நூல் ஓட்டித் தைத்த தடம். விரலால் தடவியபோது துணி, தூங்கும் பூனையின் முதுகுபோல லேசாக எழும்பித் தணிந்தது. அதை வாங்கி வந்து, தான் ஊருக்குச் சொல்கிற முறை தவறாமல் அலசி, நிழலில் உலர்த்தி, பிரஷ் போட்டு, விற்பனைக்குத் தொங்கவிடப் போகிற நேரத்தில், படியில் வழுக்கி அவனுடைய சொந்த பேண்ட் சேறாகிப்போனது. மாற்று பேண்ட்டும் ஈரம். ஒரு பொழுதுக்குத்தானே என்று எடுத்துப் போட்டுக்கொண்டான். அவனைவிட உயரமான ஆளுக்குத் தைத்த பேண்ட் அவனுக்கு அளவாக நின்றது.

சாயங்காலம் கழற்றப் பார்த்தான். கழலவில்லை.

இடுப்புப் பட்டன் பட்டனாக இருந்தது, காஜா காஜாவாக இருந்தது, ஆனால் ஒன்றைவிட்டு ஒன்று வரவில்லை. காலைக்கடன் போன்ற அவசரங்களுக்கு அந்த பேண்ட் மிக மரியாதையாக வழிவிட்டது, காரியம் முடிந்ததும் தானே மூடிக்கொண்டது. கழற்ற நினைத்தால் மட்டும் விடவில்லை. கத்தரியை வைத்தான், வெட்டிய இடம் தண்ணீரில் கத்தி போட்டதுபோல ஒட்டிக்கொண்டது. மருத்துவமனைக்குப் போனான், அங்கே இருந்த டாக்டர் இடுப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தோல் அரித்தால் தடவிக்கொள்ள ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். பேண்ட்டோடு குளித்தான், பேண்ட்டோடு தூங்கினான். ஏதோ ஈரத்தில் சுருங்கிவிட்டது, வெயில் வந்தால் தளரும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு, மறுநாள் காலை மலையாளத்துக்காரர் பீரான் காக்காவின் கடைக்கு டீ குடிக்கப் போனான்.

பீரான் காக்கா பாலை ஆற்றிக்கொண்டிருந்தவர், இடது முழங்காலில் இருந்த தையலைப் பார்த்தார். ஆற்றிய பால் கிளாசுக்கு வெளியே போனது தெரியாமல் ஊற்றிக்கொண்டே இருந்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, அவனுக்கு பெஞ்சைத் துடைத்துவிட்டு, "சாரே, உக்காருங்க சாரே. எவ்வளவு நாளாச்சு," என்றார்.

எபனேசர் சார் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கள அதிகாரியாக இருந்தவர். ஊரில் எந்தச் சண்டைக்கும் அவர்தான் தீர்ப்பு, எந்தக் கால்பந்து மேட்சுக்கும் அவர்தான் விசில், எந்த வீட்டுச் சாவுக்கும் முதலில் வந்து நிற்பவர் அவர், தோட்டத்து வீடுகளுக்குள் யானை நுழைந்தால் அதன் எதிரே போய் நின்று பேசி அனுப்பி வைப்பவரும் அவர். போன கோடையில் நெஞ்சு வலி வந்து அவர் செத்தபோது, எஸ்டேட் எஸ்டேட்டாக வேலை நின்று, ஜனம் மலைச்சரிவு முழுக்க நின்று அழுதது. மழையோ வெயிலோ அவர் வெளியே வந்தால் அந்த கார்டுராய்தான். இதெல்லாம் திருமலைச்சாமிக்கு அரைகுறையாகத் தெரியும். அந்த பேண்ட்தான் இது என்பது அன்று காலைதான் தெரிந்தது.

"காக்கா, நான் திருமலைங்க. பேண்ட் கடை."

"ஆமா ஆமா," என்றார் பீரான் காக்கா, பெரிய மனிதர்கள் விளையாட்டாகப் பேசும்போது சிரிக்கிற சிரிப்பைச் சிரித்தபடி. "சாருக்குச் சக்கரை கம்மிதானே?"

யாரும் அதிசயப்படவில்லை. தோட்டத்துப் பெண்கள் தேயிலை மூட்டையோடு போகும் வழியில் நின்று, "வந்துட்டீங்களா சார், நல்லதாப் போச்சு," என்று சொல்லிவிட்டு நடந்தார்கள். எல்லைத் தகராறில் ஒரு வருடமாகப் பேசாமல் இருந்த அண்ணன் தம்பி இருவர், சார் வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டு, பேண்ட் கடைக்கு வந்து ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். அவன் என்ன சொல்வதென்று தெரியாமல், "ரெண்டு பேரும் ஒண்ணாப் போய் டீ குடிங்க," என்றான். குடித்தார்கள். சமாதானம் ஆனார்கள். மறுநாள் கடை வாசலில் இன்னும் பலர் நின்றார்கள். டெனிம் வாங்க வந்த வெளியூர்க்காரர்களைச் சார் வேலையாக இருக்கிறார் என்று ஊர்க்காரர்களே திருப்பி அனுப்பினார்கள். கால்பந்து சங்கத்தார் வந்து விசிலை அவன் கழுத்தில் மாட்டினார்கள். முகம் வேறு, உயரம் வேறு, ஊர் வேறு, சாமி வேறு என்று அவன் ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பார்த்தான். "இருக்கட்டும் சார்," என்றார்கள், ஏதோ அவன் தன் உடம்பு இளைத்துவிட்டதற்காக வருத்தம் தெரிவித்ததுபோல.

ஒரு மாலை ரேஷன் கடையின் சுவரை இடித்துக்கொண்டு ஒரு கொம்பில்லாத யானை நின்றது. உள்ளே அரிசி வாங்க வந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். ஆட்கள் ஜீப்பில் வந்து திருமலைச்சாமியை ஏற்றிப்போய் யானைக்கு எதிரே இறக்கிவிட்டு, தாங்கள் பின்னால் போய் நின்றுகொண்டார்கள். யானையை அவன் கோயிலில்தான் பார்த்திருக்கிறான். இடுப்புக்கு மேலே அவன் உடம்பு முழுக்க நடுங்கியது, பல் அடித்துக்கொண்டது, கண்ணில் தண்ணீர் முட்டியது. இடுப்புக்குக் கீழே ஒரு நடுக்கமும் இல்லை. கால்கள் தம்பாட்டுக்கு நிதானமாக நடந்து அதன் முன்னால் போய் நின்றன. யானை துதிக்கையை நீட்டி, பேண்ட்டின் கால் விளிம்பிலிருந்து மேலே மேலே, துணியின் மயிர் எதிர்ப்புறமாக நிமிர, முழங்கால் வரைக்கும் முகர்ந்தது. பிறகு வந்த வழியே திரும்பிப் போனது. உள்ளே இருந்தவர்கள் வெளியே ஓடிவந்து அவன் காலைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு பெண் தன் முகத்தை அந்த கார்டுராயில் வைத்து அழுதாள். அவள் கண்ணீர் துணியைத் தாண்டி அவன் தோலில் சுட்டது.

அன்று அவனுக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். உடுமலையில் அவனை யாரும் இப்படிப் பிடித்துக்கொண்டு அழுததில்லை. சார் என்று கூப்பிட்டால் திரும்பினான். சர்க்கரை குறைந்த டீ பிடித்துப்போனது. தெருவில் போகும்போது நாக்கை மடக்கி ஒரு சீட்டி அடித்தான், அடித்த பிறகுதான் தனக்குச் சீட்டி அடிக்கவே தெரியாது என்று நினைவு வந்தது. அந்த நிமிஷத்தில் சட்டைப்பையில் போன் அடித்தது. திரையில் கோகிலா என்று இருந்தது. யார் இந்தக் கோகிலா என்று அவன் யோசித்தான். ஒரு மூச்சு நேரம்தான். ஆனால் யோசித்தான்.

"ஏனுங்க, பேசவே மாட்டேங்கறீங்க? பொண்ணு பொறந்திருக்குதுங்க. உங்க மூக்கு. எப்பங்க வர்றீங்க?"

தெருவோரச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "நாளைக்கு விடியறப்ப வந்தர்றேன் கோகிலா," என்றான். சொல்லிவிட்டு அவள் பெயரை இன்னும் இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

விடிந்ததும் பஸ் ஏறினான். முதல் எஸ்டேட் நிறுத்தத்தில் இருவர் கை காட்டி நிறுத்தி, சார் ஒரு விஷயம் என்றார்கள். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு மரியாதையாகக் காத்திருந்தார். அடுத்த நிறுத்தத்தில் ஒரு குழந்தையை அவன் மடியில் வைத்துப் பெயர் சொல்லச் சொன்னார்கள். அதற்கடுத்த நிறுத்தத்தில் மரியாதையாக மாலை போட்டார்கள். மலை இறங்கும் முதல் வளைவுக்கு முன்னால் ஒரு கூட்டமே வழியில் நின்றது. யாரும் மறிக்கவில்லை, யாரும் மிரட்டவில்லை, எல்லாரும் அழுதார்கள். "எங்கள விட்டுட்டு ஒருவாட்டி போனது போதாதா சார்?" என்று ஒரு கிழவர் கேட்டார். கண்டக்டர் அவன் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, அவன் கையைப் பிடித்து, எதிரே மேலே போகிற பஸ்ஸில் அவனை ஏற்றி, ஜன்னலோர இருக்கையில் உட்கார வைத்தார்.

அவன் வேறு வழி தேடினான். தான் இத்தனை காலம் செய்யக்கூடாது என்று சொன்னதையெல்லாம் அந்த பேண்ட்டுக்குச் செய்தான். கொதிக்கிற தண்ணீரை ஊற்றித் தொடையெல்லாம் கொப்புளமாக்கிக்கொண்டான். காலில் இருக்கும்போதே மேல்பக்கத்தில் இஸ்திரிப் பெட்டியை வைத்து மயிரை நசுக்கினான். கருங்கல் படிகளில் முழங்காலால் ஏறி இறங்கினான். துணி தேய்ந்தது, ஓட்டை விழுந்தது, அதற்குள்ளே அவன் தோல் தெரிந்தது, அவனுக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. ஆனால் சாருடைய பேண்ட் கிழிந்துவிட்டது என்ற செய்தி பரவி, வரிசை வரிசையாகப் பெண்கள் ஊசி நூலோடு வந்தார்கள். ஒருத்தி தன் கல்யாணப் புடவையின் ஓரத்திலிருந்து ஒட்டுப் போட்டாள், ஒருத்தி செத்துப்போன மகனின் பள்ளிக்கூடச் சட்டையிலிருந்து. அவன் நிற்க, அவர்கள் சுற்றி உட்கார்ந்து, பேசிக்கொண்டும் பாடிக்கொண்டும் அவனை அந்தத் துணிக்குள் வைத்துத் தைத்தார்கள். குழந்தை பிறந்த செய்தி தெரிந்ததும் ஊர் கேக் வெட்டியது, குழந்தைக்கு ரோஸ்லின் என்று பெயரும் வைத்தது. தனக்குப் பெண் பிறந்தால் அந்தப் பெயர்தான் என்று எபனேசர் சார் டீக்கடையில் சொல்லியிருந்தாராம்.

"ஆருங்க அது ரோஸ்லினு?" என்று, அவன் வாய்தவறிச் சொன்ன பெயரைப் பிடித்துக்கொண்டு போனில் கேட்டாள் கோகிலா. அவள் குரல் உடைந்தது. "உங்களுக்கு என்னதாங்க ஆச்சு?"

நான் ஒரு பேண்ட்டுக்குள் மாட்டிக்கொண்டேன் என்று எந்த மனைவியிடம் எந்தப் புருஷன் சொல்லுவான்.

கடைசியில் ஊர் ஒரு முடிவுக்கு வந்தது. வீடு இருக்கும்போது சார் எதற்காகக் கடைக்குப் பின்னால் பாயில் படுக்கவேண்டும்? ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், பேண்ட் வாத்தியம் வைத்து, குடை பிடித்து, அவனுடைய பாயையும் தலையணையையும் சுமந்துகொண்டு, எபனேசர் சாரின் மனைவி சாராளம்மா இருந்த தோட்டத்து வீட்டுக்கு அவனை ஊர்வலமாக அழைத்துப் போனார்கள். "எனக்குச் சம்சாரம் இருக்கா, கைக்குழந்தை இருக்கு," என்று வழி முழுக்க அவன் கத்தினான். "இருக்கட்டும் சார், யார் இல்லன்னது?" என்றார்கள்.

சாராளம்மா பிள்ளைக் காப்பகத்தில் ஆயாவாக வேலை பார்ப்பவர். ஐம்பது வயது இருக்கும். ஊரே பேண்ட்டைப் பார்க்க வந்தபோதும் அவர் ஒருநாளும் கடைப்பக்கம் வந்ததில்லை. கதவைத் திறந்து, கூட்டத்தைப் பார்த்தார், வாத்தியத்தைப் பார்த்தார், கடைசியாக அவனுடைய இடது முழங்காலைப் பார்த்தார்.

"எல்லாரும் வெளியவே நில்லுங்க. இவர் மட்டும் வரட்டும்."

கதவு சாத்தியதும் வாத்தியச் சத்தம் அமுங்கிப்போனது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க தம்பி. உங்க பேரு என்ன?"

பல வாரங்களாக யாரும் கேட்காத கேள்வி. "திருமலைச்சாமிங்க," என்றான். "அம்மா, நான் உங்க வீட்டுக்காரர் இல்லீங்க."

"அது எனக்குத் தெரியாதா?" சாராளம்மா எதிரே முக்காலியில் உட்கார்ந்தார். "அவர் துணி அத்தனையும் நான்தான் கோயில் விற்பனைக்குக் குடுத்தேன். வந்து உங்களப் பாத்திருக்கணும். பயம். பாத்தா நானும் ஊரோட சேந்து நம்பிருவேனோன்னு பயம். அந்த முழங்கால்ல தையல் போட்டது நான். ராத்திரி அவர் வருவார்னு உக்காந்து, வராத நேரத்துல போட்ட தையல் அது."

அவன் குனிந்து அந்தத் தையலைப் பார்த்தான்.

"ரொம்ப நல்ல மனுஷன் தம்பி. ஒரு குறை சொல்ல முடியாது. எங்க யார் கூப்பிட்டாலும் போவார். நான் மட்டும் கூப்பிட்டதில்ல, வீட்லதானே இருக்கேன்னு. ரோஸ்லின்னு பேர் வெக்க ஆசைப்பட்டாராமே. நேத்துதான் கேள்விப்பட்டேன். டீக்கடையில சொல்லிருக்கார். எங்கிட்ட சொன்னதில்ல. எங்களுக்குப் புள்ளை இல்லாததப் பத்தி ஒரு நாள்கூட நாங்க ரெண்டு பேரும் உக்காந்து பேசினதில்ல." வெளியே யாரோ சாருக்கு ஜே போட்டார்கள். "செத்தப்பவும் அப்படித்தான். இந்த வீட்ல எனக்கு நிக்க இடமில்ல. ஊரே அழுதுச்சு. போயிட்டு வாங்க சார், போயிட்டு வாங்க சார்னு கத்திக்கிட்டே தூக்கிட்டுப் போனாங்க. அவர் எல்லார் பேச்சையும் கேக்கற ஆளாச்சே. வந்துட்டார்."

அவர் எழுந்து வந்து அவன் முன்னால் தரையில் மண்டியிட்டார். அவனைப் பார்க்கவில்லை. முழங்காலில் இருந்த தன் தையலைப் பார்த்தார். அதன்மேல் உள்ளங்கையை வைத்து, துணி மயிரைப் போகும் திசையிலேயே ஒருமுறை தடவிவிட்டார்.

பிறகு அவர் சொன்னது, நம் பக்கத்தில் வாசலைத் தாண்டுகிறவர்களிடம் யாரும் சொல்லாத சொல். பகையாளியிடம்கூட வாய்தவறி வந்துவிட்டால் நாக்கைக் கடித்துக்கொண்டு, வரச் சொல்லி ஒரு வார்த்தை சேர்ப்பார்கள். சாராளம்மா எதையும் சேர்க்கவில்லை.

"போங்க," என்றார்.

பட்டன் காஜாவைவிட்டு வந்தது. ஒரு சத்தமும் இல்லை. கல்யாணப் புடவையும் பள்ளிக்கூடச் சட்டையும் ஒட்டிய அத்தனை கனமும் அவன் இடுப்பைவிட்டு நழுவி, தரையில் குவிந்து, ஒரு பெருமூச்சுபோலக் காற்றைவிட்டு அடங்கியது. தன் கால்களை அவன் பார்த்தான். வெளுத்து, மெலிந்து, வெந்நீர்த் தழும்புகளோடு, யாருடையவோபோல இருந்தன. பிறகு சட்டையை இழுத்து மறைத்துக்கொண்டான். சாராளம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, கொடியிலிருந்து எதையோ உருவி அவன் பக்கம் போட்டார்.

"ஆம்பளத் துணி ஒண்ணுகூட இந்த வீட்ல வெக்கல தம்பி. என் உள்பாவாடைதான் இருக்கு. கட்டிக்கிட்டுக் கிளம்புங்க."

"வெளிய அவ்வளவு பேர் நிக்கறாங்களேம்மா. உங்களை என்ன பண்ணுவாங்களோ?"

"நிக்கட்டும். கதவத் தாழ் போட்டுட்டு நான் அழப்போறேன்," என்றார் சாராளம்மா. "இது என் முறை."

நீலப் பாவாடையைக் கட்டிக்கொண்டு அவன் வெளியே வந்தான். பின்னால் தாழ் விழுந்தது. மழையில் அத்தனை முகங்களும் அவனை நோக்கி இருந்தன. ஆனால் அவனை யாரும் பார்க்கவில்லை. அவன் தோளுக்கு மேலாக, சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் தலையணையைச் சுமந்து நின்ற பீரான் காக்கா அவனை ஒரு கையால் ஓரமாகத் தள்ளினார். "கொஞ்சம் மாறிக்கோ மோனே, சார் வர்ற நேரம்."

அவன் மாறிக்கொண்டான். கூட்டத்துக்கு நடுவே நடந்தான். யானைக்கு எதிரே அவன் காலில் முகம் வைத்து அழுத பெண்ணின் தோளில் இடித்தான். அவள் கண்ணு தெரியலையா என்று திட்டினாள். கடையைப் பார்க்கப் போகவில்லை. மலை இறங்கும் பொள்ளாச்சி பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்ப் படியில் தொற்றினான். ஈரக் காற்று பாவாடைக்குள் புகுந்து கெண்டைக்கால் வழியாக முழங்காலுக்கு ஏறியது. எத்தனை நாளைக்குப் பிறகு அந்தக் கால்களுக்குக் குளிர்கிறது. பஸ்ஸில் இருந்தவர்கள் அவனுடைய உடுப்பைப் பார்த்து வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

"யோவ் பாவாட!" என்று கண்டக்டர் பின்னாலிருந்து கத்தினார். "படியில நின்னு உசுர எடுக்காத. உள்ள போய்த் தொல!"

திருமலைச்சாமி முகமெல்லாம் பல்லாக உள்ளே போனான்.